விடியக் கிணறு அளந்த எங்கள் அண்ணை

அண்ணையின் உயிர் பிரிந்த அந்த விடியற்காலையில் கட்டிலருகே இருந்தவர்கள்: அண்ணி, அண்ணையின் மகள் வாசுகி, என் கணவர், நான், முன்வீட்டு ஆசிரியை அம்மா. ஒருவரையும் விட்டுவிடக் கூடாதே என்று பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். இவ்வளவு பேர்தான். பக்கத்து வளவுச் செல்லத்துரையர் இருக்கவில்லை. அவர் அப்போது எங்கே நின்றார் என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அண்ணை என்னை மன்னிக்கமாட்டார்.

வட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராக அண்ணை பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா வேளைக்கே காலமானபடியால் நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அண்ணை பல்கலைக்கழகம் வரை படித்து, நிலத்தடி நீரை ஆராயும் விஞ்ஞானியாகக் கொழும்பில் வேலை பார்த்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். மறுநாள் முழுவதும் எங்கள் கிணற்றையே எட்டிப் பார்த்தபடி நின்றார். மனம் பேதலித்துவிட்டதோ என்று நான் நடுங்கிப் போனேன்.

"இஞ்சை ஆறு இல்லைப் பிள்ளை. மழை தாற தண்ணி கல்லுக்குள்ளை இறங்கி, கடல் தண்ணிக்கு மேலை மிதக்குது. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் அடியிலை கிடக்கிற உப்பு மேலை வந்திடும்" என்றார்.

எவ்வளவு இறைக்கலாம் என்று அறிவதே அவருடைய ஆராய்ச்சி. வெளிநாட்டு அழைப்புகளை அதற்காகவே மறுத்தார். ஒவ்வொரு பூரணையும், ஒருவரும் வாளி விடமுன், எங்கள் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை நாடா விட்டு அளப்பார்.

செல்லத்துரையர் வெங்காயச் செய்கைக்காரர். பெரிய மனிதர் கிணறு பார்க்க வருகிறார் என்று, முதல்நாளே மிசின் பூட்டி அடி தெரிய இறைத்து, பாசி சுரண்டி, கட்டுக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன செல்லத்துரையண்ணை, கிணத்தைக் கலியாணத்துக்கோ வெளிக்கிடுத்தி வைச்சிருக்கிறியள்?"

"ஊத்தைக் கிணத்தைக் காட்ட எனக்கு வெக்கமில்லையோ தம்பி?"

"எனக்கு ஊத்தையோடைதான் வேணும். இந்த மாதக் கணக்குப் போச்சு. நீங்கள் எனக்கு ஒரு மாதம் கடன்."

"வட்டியோடை தாறன், யோசியாதையும்."

அதன்பின் பூரணை தோறும், அண்ணை வந்து அளக்கும்வரை, தேத்தண்ணிக்குக்கூட மனைவியை வாளி விட விடாமல் அவர் கிணற்றடியில் காவல் நிற்பார்.

தொண்ணூறுக்குப் பிறகு, போர்த் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமல் மிசின்கள் ஓய்ந்தன. கிணறுகளில் மட்டம் உயர்ந்திருந்ததை அண்ணை கண்டார். சந்தோஷப்படவில்லை. "சனம் பட்டினி கிடக்கேக்கை கிணறு நிரம்பி என்ன செய்ய? தோட்டமும் இருக்கவேணும், தண்ணியும் இருக்கவேணும். அதுக்குத்தானே இந்தப் பாடு" என்றார்.

அவருக்குச் சலரோகம். மின்சாரம் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டி அலுமாரியாகிவிட்டது. இன்சுலின் போத்தலை ஒரு பேணியில் வைத்து, கயிறு கட்டி, கிணற்றுக்குள் நீருக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம். கயிறு அறுந்துவிடுமோ, காகம் இழுத்துவிடுமோ என்று நான் ஓடி ஓடிப் பார்ப்பேன். "என்னிலும் பார்க்க நீதான் கிணறு கூடப் பாக்கிறாய். உனக்கும் ஒரு பட்டம் தரவேணும்" என்று பகிடி பண்ணுவார்.

பிறகு போத்தலும் முடிந்தது. ஆஸ்பத்திரியிலும் இல்லை, கடையிலும் இல்லை. கடற்படை சுடுகிற கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி வவுனியாவுக்குப் போய் வாங்கிவருவதாகச் செல்லத்துரையர் வெளிக்கிட்டார்.

"வேண்டாம் அண்ணை. உந்தக் கடலிலை எனக்காக உங்கடை உயிர் போகக்கூடாது" என்று அண்ணை மன்றாடினார்.

"கடன்காரனை மறிக்காதையும் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் திரும்புமுன் பூரணை வந்தது. அண்ணையால் எழும்ப முடியவில்லை. "ஆரும் வாளி விட்டிட்டினமே?" என்று கேட்டார். "இல்லை அண்ணை" என்றேன். வாசுகி நாடாவோடு போனாள். அதுவே அவர் என்னோடு தெளிவாகக் கதைத்த கடைசிக் கதை. வள்ளங்கள் ஓடவில்லை என்று பிறகுதான் அறிந்தோம். அக்கரையில் மருந்தை வைத்துக்கொண்டு செல்லத்துரையர் காத்து நின்றிருக்கிறார். இங்கே அண்ணை போய்விட்டார்.

ஆண்கள் சுடலைக்குப் போயிருந்த நேரம் அவர் வந்தார். படலையில் வெள்ளைக் கொடியைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ஈரத்துணியில் சுற்றிய இரண்டு போத்தல்களை என்னிடம் நீட்டினார்.

"கிணத்துக்குள்ளை கட்டு பிள்ளை. பழுதாப் போயிடும்."

நானும் கட்டினேன். கட்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த மருந்து இப்போது ஊரில் வேறொருவரின் உயிரைக் காக்கிறது.

வைத்தியம் பார்த்தோருக்கும், பந்தல் போட்டோருக்கும், விறகு தந்தோருக்கும், எட்டுச்செலவு வரை எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்த அயலவர்க்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

செல்லத்துரையருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. காசு கொடுக்கப் போனேன். "நேரத்துக்கு வந்திருந்தாலெல்லோ என்ரை கடன் தீர்ந்திருக்கும். நான் என்னெண்டு பிள்ளை உங்களிட்டைக் காசு வாங்கிறது?" என்று கையைத் தட்டிவிட்டார். தொகையை அவர் மனைவியிடம் கேட்டறிந்தேன். எல்லோரும் அறிய இந்த நினைவு மலரில் எழுதி வைக்கிறோம். மருந்துக்கும் வள்ளத்துக்குமாக நாங்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியது ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.