துரை ஆடக் கூப்பிட்ட ஞாயிறு

எங்கள் தோட்டத்தில் துரை ஒருவரைக் கோல்ஃப் ஆடக் கூப்பிட்டுவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. எழுபதுகளின் கடைசி அது. தேயிலை மலையிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டம் கைமாறப் போகிறது, ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்காரன்கூடப் பேசினான்.

முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரைக் கூப்பிட்டார் துரை. ஞாயிறு காலை தலையை வழித்துச் சீவிக்கொண்டு சிரித்தபடி போன மனிதர், மத்தியானம் வந்து சாமான் கட்ட ஆரம்பித்தார். அடுத்தது ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவரும் ஒரு ஞாயிறு ஆடினார், மாதம் முடிவதற்குள் தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்தார். ஆபீசுக்குப் பலகைச் சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். மேஜைக்கு முன்னால் ஒருத்தன் நின்று அழுவதைத் துரையால் தாங்க முடியாது என்பார்கள். கையில் மட்டையோடு புல்வெளியில் நிற்கிறவன் அழமாட்டான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

மூன்றாவது ஆள் நான். வெளிக்காட்டில் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்கும் ஆட்களெல்லாம் கூடையோடு நிற்கும்போது வந்து சொன்னார்.

“ஞாயித்துக்கெழம ஆட வா. பை தூக்க ஆள் வேணாம். நாம ரெண்டு பேரு போதும்.”

அதுவரை சலசலவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் குனிந்து கூடைக் கயிற்றைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போனால் வீடும் போகும். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தார். ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டி அரைத்துத் தேயிலையாக்கும் டீ மேக்கர். கூடப்பிறந்தவர்கள் இல்லாத என் மனைவி கல்யாணமாகி வந்த நாள் முதல் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டாள், அதனால் எனக்கு மச்சான். ஃபேக்டரிக்குப் பின்னாலிருக்கும் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நரைத்துக்கொண்டிருந்தவர்.

“தண்ணி தெளிச்சா தலய மட்டும் ஆட்டிறாத மாப்ள,” என்றார். வெட்டப்போகும் ஆட்டுக்குச் சொல்கிற புத்திமதி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஆவாது லா தங்கச்சி,” என்று அவளிடம் சொன்னார். “போனாத்தான் என்ன? என் வீட்ல ஒரு ரூம்பு தர்றேன், பிள்ளைய அங்க பெத்துக்க.” சொன்னால் செய்கிற ஆள். அன்று இரவு எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்தது அந்த வார்த்தையால்தான்.

அந்தக் கோல்ஃப் மைதானம் தோட்டத்துக்கு மேலே, துரைமார் தங்களுக்கென்று மலையைச் செதுக்கி வைத்திருந்தது. ஒன்பது குழி. ஒன்றுகூடச் சமதரையில் இல்லை. ஏறி அடிக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பைன் மரங்கள் நெருக்கமாக நின்றன, அவற்றுக்கு அடியில் பகலிலும் இருட்டு. நாங்கள் போனபோது பனிமூட்டம் மரங்களின் பாதி உயரம் வரை இறங்கியிருந்தது. பள்ளியில் ஹாக்கி ஆடியவன் என்பதால் பந்தை அடிக்கத் தெரியும். அன்று அடித்த முதல் பந்தே மரங்களுக்குள் போய்விட்டது. தேடப் போனேன். காலடியில் ஈர ஊசியிலைகள், சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் துரை தெரியவில்லை. அப்படியே மரத்துக்குள் நடந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது குழி மேட்டுக்கு அந்தப் பக்கம். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் தெரியாது. அதனால் ஆடி முடித்ததும் கம்பத்தில் தொங்கும் மணியை அடித்துவிட்டு நகர வேண்டும். அடித்தேன். பின்னால் யாருமில்லை.

“டீ மேக்கருக்குப் பிள்ளைங்க எத்தன?” என்று கேட்டார் துரை.

“அஞ்சு பேரு, துரை.”

“மூத்தவன் வேலைக்குப் போறானா?”

“இன்னும் படிக்கிறான்.”

தலையாட்டினார். சும்மா பேச்சுக்குக் கேட்கிறார், நேரே சொல்ல வராமல் சுற்றுகிறார் என்று நினைத்தேன். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் அது கங்காணிகளிடம் கற்ற, வேலை வாங்குகிற தமிழ். அதட்டலாம், விரட்டலாம். ஆறுதலாக நாலு வார்த்தை அதில் அவருக்குத் தெரியாது.

ஏழாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே உட்காரவைத்துத்தான் சொன்னார் என்று டிரஸ்ஸரும் கிராணியும் சொல்லியிருந்தார்கள். துரை உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மட்டையை முழங்காலுக்கு இடையில் இறுக்கிக்கொண்டேன். சுருட்டு பற்றவைத்தார், பாதி வரை இழுத்தார், அணைத்தார். பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு புல்லின் அழகையா பார்க்கிறாய் என்று கேட்கத் தோன்றியது. பின்னாலேயே நடந்தேன்.

கடைசிக் குழியில் என் பந்தை உருட்டிப் போட்டேன். துரை கொடிக்கம்பைத் திரும்ப நட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ஒனக்கு வேல போவாது. ஒன்ன அசிஸ்டண்ட் மேனேஜரா போட்டிருக்கேன்.”

அந்த நிமிடம் எனக்கு இருந்தது சந்தோஷம் மட்டும்தான், அதை மறைக்க மாட்டேன். அவர் காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன்.

“ஃபேக்டரிய மூடுறாங்க,” என்றார். “கொழுந்து இனிமே லோரில பெரிய ஃபேக்டரிக்குப் போவும். டீ மேக்கர் வேணாம். நான் அடுத்த மாசம் சீமைக்குப் போறேன். அவன்கிட்ட நீ சொல்லிடு.”

“துரை, அவரு என் சம்சாரத்துக்கு அண்ணன் மாதிரி.”

“தெரியும். அதான் ஒன்கிட்ட சொல்றேன்.”

தன் மட்டைப் பையைத் தூக்கி என் தோளில் மாட்டினார். இனி தனக்கு அது வேண்டாம் என்றார். பிறகு பனிக்குள் அவருடைய கார் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

மலையிறங்கி வரும் வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் கேவலமாகத்தான் இருந்தது. வீட்டுப் படியில் மச்சானும் என் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எனக்காகக் காலையிலிருந்தே அங்கே காத்திருந்திருக்கிறார்.

“வேல இருக்கா மாப்ள?”

“இருக்கு மச்சான். அசிஸ்டண்டா போட்டிருக்காரு.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்தபடி காப்பி போட உள்ளே போனாள். மச்சான் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகுதான் பையைப் பார்த்தார்.

“இது துரையோடது இல்ல?”

“குடுத்துட்டாரு. அவரு சீமைக்குப் போறாராம்.”

“அப்ப இனிமே நீதான் கூப்பிடுவே ஆட,” என்று சிரித்தார்.

நானும் சிரித்திருக்க வேண்டும். உதடு அசையவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு அடங்கியது. என் தோளிலிருந்து பையை இறக்கி, சாய்ந்து விழாமல் சுவரோரம் நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும், மாப்ள?”