மொட்டைக்குப் பொருந்தாத ஹெல்மெட்

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு, சென்னை வில்லிவாக்கத்திலிருந்து என் அக்காள் கணவர் தாமோதரன் பாவாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து திருத்தணிக்குப் புறப்பட்டேன். போக எண்பது கிலோமீட்டர் சொச்சம், வரவும் அதே. மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஏன் ஏறினேன் என்றால், அக்கா அழுதாள்.

பாவாவுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் தொழில், மாதச் சம்பளத்துக்கு. ஒரு கம்பெனி ஊர் ஊராகத் திடல் பிடித்து, முட்டை வடிவில் மண் தடம் போட்டு, டிக்கெட் வைத்து நான்கு பேரைச் சுற்ற விடும். அந்த வண்டிகளுக்கு ஒரே கியர். பிரேக் கிடையாது. இரும்புத் தகடு கட்டிய இடது பூட்ஸை மண்ணில் ஊன்றி, பின்சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏழு வருடமாகப் பாவாதான் அதில் முதல் ஆள். ஐப்பசியில் சேலத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடினால் திருத்தணியில் அவருக்கு மொட்டை போடுவதாக அக்கா வேண்டிக்கொண்டாள். கூடிவிட்டது.

விழுந்து எழுந்தபின் முதல் பந்தயம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சென்னையில். மொட்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதைப் பாவா கேட்கவில்லை. சனிக்கிழமையே போயாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பக்தி என்று நினைத்தோம். "நீயாவது சொல்லுடா, நாளைக்கு ஓட்ட வாணாம்னு" என்று என்னை ஏற்றி அனுப்பினாள் அக்கா. அவளுக்கு அது ஆறாவது மாதம்.

ஏழு மணிக்குத் திருவள்ளூர். பறப்பார் என்று கண்ணை மூடியிருந்தேன். அவரோ நாற்பதைத் தாண்டவில்லை. எதிரே லாரி வந்தால் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றுவிட்டார். "தடத்துல எல்லாரும் ஒரே பக்கமா போவாங்க மச்சான். இங்க எதுக்கால வந்துகினே இருக்கானுங்க" என்றார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. இட்லி சாப்பிடும்போது மென்று விழுங்கிச் சொன்னேன்: "நாளைக்கு ஓட்ட வாணாம் பாவா. அக்கா பயப்படுது." அவர் இலையைப் பார்த்தபடி, "சம்பளம் வாங்கறேனே" என்றார். அதோடு என் தைரியம் தீர்ந்தது.

எட்டே முக்காலுக்குத் திருத்தணி. சரவணப் பொய்கைப் பக்கம் முடி இறக்கச் சீட்டு ஒரு ரூபாய். ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டலாம் என்றேன். பாவா தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாவிதர் வயதானவர், வேலையில் சுத்தம். தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டுக் கத்தியை வைத்தார், உடனே எடுத்தார்.

"தலய ஆட்டாதீங்க நைனா."

"நா ஆட்டல."

"ஆங், ஆடுது பாருங்க. தண்ணி சில்லுனு இருக்குதா?"

பாவா இரண்டு கையாலும் ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடர்ந்த சுருட்டை முடி, கொத்துக் கொத்தாக விழுந்தது.

குளித்து, சந்தனம் பூசி, முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினோம். சனிக்கிழமைக் கூட்டம். சந்நிதியில் பாவா நகராமல் நிற்க, பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள்.

பதினொன்றரைக்குக் கீழே இறங்கியதும் ஹெல்மெட்டை மாட்டித் தலையை உலுக்கிக் காட்டினார். அது திரும்பி மூக்குமேல் உட்கார்ந்தது. "பாத்தியா, ஆடுது. ஆடுனா தடத்துக்குள்ள உட மாட்டாங்க" என்றார்.

முதல் ஆளை எவன் தடுப்பான்? ஆடுகிற ஹெல்மெட்டோடு இறங்கிவிடுவார், விழுந்தால் மண்டை என்னாகும் என்றுதான் என் புத்தி ஓடியது. எங்கள் வீடு பள்ளிப்பட்டில் தறி வீடு. துணி விஷயத்தில் மட்டும் எனக்குக் கை நடுங்காது. கடைத்தெருவுக்கு ஓடி இரண்டு ரூபாய்க்கு ஒரு துண்டு, ஊசி நூல் வாங்கி, துண்டை நான்காக மடித்து ஹெல்மெட்டின் உள்வாரோடு சேர்த்துத் தைத்தேன். மாட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா புடிக்குது" என்றார். முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

வண்டியைக் கிளப்ப நாலைந்து முறை உதைத்தார். ஒரு மணிக்குக் கனகம்மாசத்திரம் டீக்கடையில் நிறுத்தினார். டீ இருபது பைசா. கிளாஸைத் தூக்கியவர் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தபோதுதான், காலையில் தலை ஆடியது தண்ணீரின் குளிரால் அல்ல என்று எனக்கு உறைத்தது.

"பாவா, ஒடம்பு சரியில்லயா?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அந்த வண்டிக்குப் பிரேக் கெடையாது மச்சான். ஏழு வருசம் அது நெனப்புக்கே வந்ததில்ல. சேலத்துக்கப்புறம் வேற எதுவுமே நெனப்புல இல்ல. எப்படிச் சொல்றது? தாமோதரன் பயந்துட்டான்னு சிரிப்பானுங்க. மொட்ட அடிச்சா ஹெல்மெட்டு ஆடும், அவனுங்களே வாணாம்னுடுவானுங்கன்னு பாத்தேன். நீ துண்டு வாங்கினு வந்துட்ட."

அந்த நிமிஷம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஹெல்மெட்டை இழுத்து, தையலைப் பல்லால் கடித்து, துண்டை உருவினேன்.

"பிரிச்சா மட்டும்? புடிச்சுதுன்னு எனக்குத் தெரியுமே" என்றார் பாவா. "சாமிக்கு மொட்ட போட்டுகினு, சந்தனம் காயறதுக்குள்ள நா எப்படிப் பொய் சொல்றது?"

அவர் அப்படித்தான். வேண்டுதல் முடித்த வாயால் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல மாட்டார். நாளை அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தடத்தில் இறங்கிவிடுவார்.

"நா மொட்ட போடல பாவா. நா போய்ச் சொல்றேன்."

"மொதலாளி கத்துவாரு. நீ பயப்படுவ."

"பயப்படுவேன். எனக்கு அது பழக்கந்தான். உங்களுக்குத்தான் புதுசு."

பாவா தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர் கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார்.

ஊர் திரும்ப நான்கு மணியானது. முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன். ஹெல்மெட் பொருந்தவில்லை, முடி வளர இரண்டு மாதமாவது ஆகும் என்று சொன்னேன். அவர் கத்தியதெல்லாம் எழுதத் தக்கதல்ல. மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பாவா வீட்டில்தான் இருந்தார்.