மகளைத் தோண்டி எடுக்கப்போகிறவன்

டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் பனி முழங்கால் வரை கிடக்கிறது. போன ஞாயிறு, சோறு கட்டிக்கொண்டு போகிற பிளாஸ்டிக் பெட்டியொன்றை தேடிப் பழகுவதற்காக என் மகள் ஆரணி அதற்குள் புதைத்தாள். பெட்டிக்குள் பீக்கன் என்கிற சிறு கருவி. உடம்போடு கட்டிக்கொண்டால் அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். பனிச்சரிவு ஆளை மூடிவிட்டால், கூடப் போனவர் தன் பீக்கனால் தேடி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, பனி அள்ளும் ஷவலால் கிண்டி எடுக்க வேண்டும். வெளியிலிருந்து உதவி வரும்வரை மூச்சுத் தாங்காதாம். அவள் மேற்கே மலைக்குப் போய், போட்டுவைத்த பாதைகளை விட்டு விலகிப் பனியில் சறுக்கி ஸ்கீ ஓடப்போகிறாள். கூடப் போகிறவன் ரயன், அவள் கட்டப்போகிற வெள்ளைக்காரப் பெடியன். எனக்கு அவன்மேல் பொறாமை. ஒளிப்பானேன்? நடக்கப் பழகிய நாளிலிருந்து றோட்டுக் கடக்கும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்தவன் நான். இனி ஆபத்தென்றால் அவள் உயிர் அவன் கையில்.

"நானும் தேடிப் பாக்கிறன்," என்றேன். அவனை வெல்ல வேண்டும் என்ற வீம்புதான். ரயனின் கருவியை வாங்கி, அதில் தூரத்தைக் காட்டும் எண் குறையக் குறையக் கிட்டப் போனேன். கம்பி எதிலோ முட்டியது. உடனே ஷவலை எறிந்துவிட்டு, முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் கிண்டத் தொடங்கினேன்.

"அப்பா, என்ன செய்யிறியள்? ஷவலை எடுங்கோ! கையால கிண்டினா டூ ஸ்லோ!"

ரயன் ஓடிவந்து தன் கையுறைகளைக் கழற்றி நீட்டினான். எனக்குக் கை விறைக்கிறதென்று நினைத்துவிட்டான், பாவம். ஊரில் சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து, நாங்கள் பதுங்க வெட்டிய பங்கர் இடிந்தபோது தம்பி உள்ளே இருந்தான். எந்த மூலையில் கிடக்கிறான் என்று தெரியாது. மண்வெட்டி அவன் தலையில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் எங்களைப் பெற்ற ஐயாவும் நானும் கையாலேயே கிண்டினோம். முதலில் கிண்டியது பிழையான மூலை. கடைசியில் அவனை எடுத்தபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது, மூச்சு இல்லை. இந்த நாட்டுச் சனமோ புதைபடக்கூடிய இடத்துக்கு விடுமுறை எடுத்துப் போகிறது. தேட ஆளுக்கொரு கருவியும் வைத்திருக்கிறது. இதையெல்லாம் ரயனுக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? "தாங்க்ஸ்," என்று கையுறைகளை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அடுத்த முறை அவன் தேடினான். மேலிருந்து கிண்டாமல் பக்கவாட்டால் பனியை வெட்டி, நான் கிண்டிய நேரத்தில் பாதிகூட ஆகாமல் பெட்டியை எடுத்தான். கெட்டிக்காரன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்றுப் புறப்படுமுன் எங்கள் வாசலில் வைத்துக் கருவிகளைச் சரிபார்த்தார்கள். ரயன் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி, "நீங்கள் பாருங்கள், அங்கிள்," என்று என்னிடம் தந்தான். ஆரணி தன்னுடையதை ஜாக்கெட்டுக்குள் கட்டிக்கொண்டு லிஃப்ற் பக்கம் நடந்தாள். என் கையில் அது கீச்சிட்டது. அவள் போகப் போக எண் கூடியது.

"கேக்குதோ அப்பா?"

"ஓம் பிள்ளை, கேக்குது."

லிஃப்ற் வந்துவிட்டது. ரயன் கையை நீட்டினான். அது இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே அவனிடம் கொடுத்தேன்.