கோமளத்துக்கு நின்றுபோன தாளம்

கோமளம் போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் போன் செய்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டா மாமி" என்றான். "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த வயதில் ஃபேஸ்புக்கில் என்ன ஒப்பாரி என்று நினைப்பவர்கள் ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டு போகலாம். ஒற்றை விரலால் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த புதிது. மைசூரில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா மாதாமாதம் கச்சேரி வைப்பார். சபா என்று பேர்தான் பெரிசு, ஒரு ஜமக்காளம் கொள்ளுகிற கூட்டம்.

அப்பா முன்னால் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அவர் போட்டால் எல்லாரும் போடுவார்கள். நிறுத்தினால் எல்லாரும் நிறுத்துவார்கள். அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில்.

ஒரு சாயங்காலம் கோமளமும் அவள் அக்காவும் பாடினார்கள். கோமளம் என் ஸ்கூல் ஃப்ரெண்ட். நான்தான் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வைத்திருந்தேன்.

முதலில் அக்கா. மேல்கோட்டைப் பெருமாள்மேல் ஒரு பாட்டு... அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆஹா, நம்ம பெரியவா யாரோ பாடி வெச்சுட்டுப் போயிருக்கா" என்று பக்கத்து மாமாவிடம் சொன்னார்.

அடுத்தது கோமளம். தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிய பாட்டு! "குழாயே, இன்னிக்காவது வாயைத் திற" என்று பிலஹரியில் எடுத்தாள் பாருங்கள்... மாமிகளெல்லாம் குபீரென்று சிரித்துவிட்டார்கள். தினமும் குடத்தோடு நிற்கிறவர்கள் ஆயிற்றே.

அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "யாரோட சாகித்யம்மா இது? எழுதினது யாரு?"

"நான்தான் மாமா. முன்னாடி அக்கா பாடினதும் அக்காவே எழுதினதுதான்!"

பாராட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டாள், அசடு.

"ஓஹோ" என்றார் அப்பா. யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகம். "பாடு பாடு, யார் வேண்டாம்னா?" என்று சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஹாலில் அத்தனை பேரும் தாளத்தை நிறுத்திவிட்டார்கள். சிரித்த மாமிகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கோமளம் கடைசி வரி வரை பாடினாள். தாளம் போட்டது அவள் கை ஒன்றுதான். பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டிக்கொண்டிருந்த எனக்கு அவமானத்தில் காது சுட்டது. என் அப்பா... என் வீடு... நான் கூப்பிட்டு வந்தவள்.

தாம்பூலம் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ ஏன்டி அழற? குட்டுப் பட்டது நான்தானே? சும்னிரு" என்று கன்னடத்தில் என்னை அடக்கினாள். அதற்கப்புறம் அக்கா பாட்டே கட்டவில்லை என்று கேள்வி.

கோமளம் விடவில்லை. தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கும்போது பார்த்தால் போதும், புதுப் பாட்டு ஒன்று காதில் வந்து விழும். "தாளம் போடுடி" என்பாள். நான் அப்பாவின் சபா மனிதர்கள் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பேன். அதற்குள் பாட்டு முடிந்திருக்கும்.

சீ... எழுதும்போதே கூசுகிறது.

பல வருஷம் கழித்து அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்க வந்தாள். அவருக்கு அப்போது யாரையும் அடையாளம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒரு பாட்டு எடுத்தாள்.

அதே குழாய்ப் பாட்டு.

போர்வைக்கு மேலே அப்பாவின் கை தாளம் போட ஆரம்பித்தது. நடுவில் கேட்டார், "யாரோட சாகித்யம்?"

நான் கோமளத்தைப் பார்த்தேன்.

"யாரோ பெரியவா பாடினது மாமா. பேர் தெரியலை" என்றாள் கோமளம்.

"அதானே பார்த்தேன்!" என்றார். கடைசிவரை தாளம் போட்டார், ஒரு அடி தப்பாமல்.

வாசலுக்கு வந்ததும், "பார்த்தியாடி, மாமா போட்டார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

இன்று அவளைக் கடைசியாகப் பார்க்கப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டு ஹாலில் யாரும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ராகம் பிலஹரி. தாளம் ஆதி. சாகித்யம் கோமளம்.

நீ ஆரம்பிடி... கையைத் தொடையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.