இரண்டாம் இரவில் இறந்துபோன தெல்மா

தெல்மா பாஸ்கோ தொலைக்காட்சியில் இறந்துபோனது ஒரு திங்கட்கிழமை இரவு. காசநோய். தலையணையில் கூந்தல் பரந்து கிடக்க, கணவனின் கையைப் பிடித்தபடி, நாட்டில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினார். மறுநாள் காலை என் ரொட்டிக்கடைக்கு வந்து, வழக்கமாக வாங்கும் ரொட்டியை அழுத்திப் பார்த்து, அடி தீய்ந்திருக்கிறது என்று குறை சொல்லி, வேறொன்றை வாங்கினார். கடையில் நின்றிருந்த இரண்டு பெண்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் அவரிடமே துக்கம் விசாரித்தார்கள். அவரும் மரியாதையாக நன்றி சொன்னார்.

எங்கள் ஊர் தெரோவில்லா, தென் ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ரயில்தான் ஊரை உண்டாக்கியது. ரயில் நின்ற பிறகு ஊர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. தெல்மாவின் கணவர் கிளாரி பாஸ்கோ தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். ஊருக்கென்று இருந்த ஒரே வீரக் கதை அவருடையது. 1931இல், வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், மலைப்பக்கம் பெய்த மழை காய்ந்து கிடந்த ஓடையில் திடீரென்று இறங்கி, ரயில் பாலத்தின் தூணை அரித்துவிட்டது. போர்ட் பிரீயிலிருந்து மாலை வண்டி ஆட்களோடு வந்துகொண்டிருந்தது. கிளாரி கொட்டும் மழையில் தண்டவாளத்தோடு நடந்துபோய் வண்டியை நிறுத்தினார். ரயில்வேயில் அவருக்கு ஒரு வெள்ளிக் கடிகாரம் கொடுத்தார்கள். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தக் கதையை மதுக்கடையில் சொல்லி, கேட்டவர்கள் வாங்கித் தந்த பீரைக் குடித்து, கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

எண்பதுகளில் படம் எடுப்பவர்களுக்கு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்தது. சிட்னியில் பல் வைத்தியர்கள்கூடச் சரித்திரத் தொடர்களில் பணம் போடுவதாகப் பேச்சு. விலங்கு மாட்டி வந்த கைதிகள், குதிரையேறிய கொள்ளைக்காரர்கள், போருக்குப் போன பையன்கள், ஆட்டு ரோமம் வெட்டியவர்களின் வேலைநிறுத்தம் என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று இரவு ஓடும். எங்கள் நாட்டுக்கு வயது குறைவு. எடுக்க எடுக்கச் சரித்திரம் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவர் கதை எழுதுகிறவர், கேவின் ரூர்க். முப்பது வயதிருக்கும், எங்கள் செம்மண்ணுக்கு ஒத்துவராத வெள்ளைச் செருப்பு. நான் ஊர்க் கமிட்டியில் இருந்ததால் அவரைத் தெல்மாவின் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. தெல்மாவுக்கு அப்போது வயது எழுபத்தாறு. சமையலறையில் உட்காரவைத்து, தேநீரும் இஞ்சி கேக்கும் வைத்தார். கேவின் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, கிளாரியின் அந்த நடையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

தெல்மா அந்தக் கருவிக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்தார்.

"ஏன் தம்பி, நடந்ததச் சொல்லணுமா, இல்ல கிளாரி சொல்லிக்கிட்டிருந்ததச் சொல்லணுமா?"

கேவின் சிரித்தபடி, நடந்தது போதும் என்றார். தெல்மா சொன்னார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவர் யாரிடமும் சொல்லாதது அது.

அன்று மாலை கிளாரி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தார். ரம். வேலை நேரம். அவர்களுடைய ரயில்வே வீடு பாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஓடையின் சத்தம் மாறியதைக் கேட்டு வெளியே வந்த தெல்மா, பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். புருஷனை உலுக்கினார், தண்ணீர் ஊற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. தண்டவாள ஆட்களின் சாமான் கொட்டகையைத் திறந்து வெடிவில்லைகளை எடுத்துக்கொண்டார். ஒரு வில்லையைத் தண்டவாளத்தின்மேல் வைத்து, அதிலிருக்கும் ஈய வாரைச் சுற்றி மடித்துவிட்டால், சக்கரம் ஏறியதும் டமாரென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். பாலத்தருகே வைத்துப் பயனில்லை, வண்டி நிற்க இடம் வேண்டும். அதனால் வண்டி வரும் திசையில் வெகுதூரம் நடந்தார். செருப்பு சேற்றோடு போயிற்று. வயிற்றில் ஆறு மாதக் குழந்தை வேறு. வில்லையைப் பொருத்திவிட்டுத் திரும்பியவர் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது, வண்டி நின்றது. இறங்கி ஓடிவந்த ஓட்டுநரிடம், எல்லாம் தன் புருஷன் வைத்ததுதான், அவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார் என்று சொன்னார். வேலை நேரத்தில் குடித்தவன் என்று தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும். அந்த வருடத்தில் வேறு எங்கே போவது?

மறுநாள் கிளாரியை எழுப்பி, நீதான் வண்டியை நிறுத்தினாய் என்று பாடம் சொல்லிக் கொடுத்தாராம். முதலில் மனுஷனுக்கு வெட்கம். பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வெள்ளிக் கடிகாரம் வந்த பிறகு பார்க்க ஆரம்பித்தார். சில வருடங்கள் கழித்து விருந்தாளிகள் முன்னால் அவர் கதை சொல்லும்போது தெல்மா ஏதோ ஒரு இடத்தைத் திருத்த, "நீ வீட்டுக்குள்ள இருந்தவ, உனக்கென்ன தெரியும்" என்று அதட்டினாராம்.

"அப்பத்தான் தெரிஞ்சுது, அந்தாளு நெஜமாவே நம்பிட்டாருன்னு" என்றார் தெல்மா.

கேவினுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு கதை இந்த நாட்டில் இதுவரை வந்ததில்லை என்று சொல்லிவிட்டு சிட்னிக்குப் போனார்.

சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர் கேக்கைத் தொடவில்லை. சேனல்காரர்களுக்குப் பிடிக்கவில்லையாம். கர்ப்பிணி ஒருத்தி மழையில் போய் ரயிலை நிறுத்தினாள் என்றால் யாரும் ஏற்கமாட்டார்களாம். அதோடு, கிளாரியாக நடிக்கப் பெரிய நடிகர் ஒருவரைப் பிடித்தாகிவிட்டது. அவர் உச்சக்கட்டத்தில் கட்டிலில் குறட்டை விடச் சம்மதிக்க மாட்டார்.

"உண்மையா இருந்தா மட்டும் பத்தாதும்மா, நம்புற மாதிரி இருக்கணும்" என்றார் கேவின், மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே.

"சரி, அப்ப நான் என்ன பண்றேன்?"

"நீங்க ரெண்டாவது ராத்திரி செத்துப்போயிடுறீங்க."

"எதனால?"

"காசநோய்."

தெல்மா யோசித்தார். "எங்க வீட்ல யாருக்கும் நெஞ்சுச்சளிகூட வந்ததில்லயே தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து, "பரவால்ல, கேக்க எடுத்துக்க" என்று தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

படப்பிடிப்பு நடந்தது கடும் வறட்சியில். வெள்ளக் காட்சிக்குத் தீயணைப்பு வண்டிகளில் எங்கெங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து வானத்தை நோக்கிப் பீய்ச்சினார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த விவசாயிகள் வேலியோரம் வரிசையாக நின்று, அது மண்ணில் விழுவதைப் பார்த்தார்கள். நிறுத்தப்பட்ட ரயிலின் பயணிகளாக ஊர்க்காரர்களையே ஏற்றினார்கள். தொடரில் என் முதுகு வருகிறது.

கூட்டத்தில் தெல்மாவைக் கண்ட இயக்குநர், அவர் யாரென்று தெரியாமலேயே, முகம் நன்றாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு வசனம் கொடுத்தார். காப்பாற்றப்பட்ட கிழவி ரயிலிலிருந்து இறங்கிவந்து கிளாரியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். அந்த நடிகர் நல்ல உயரம், உளியால் செதுக்கிய தாடை, சொட்டச்சொட்ட நனைந்த சட்டை. தெல்மா அவர் கையைப் பிடித்தார்.

"நீங்க மட்டும் வரலேன்னா, எங்க கதி என்னாயிருக்குமோ" என்றார்.

ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. இவ்வளவு இயல்பாகச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று இயக்குநர் கேட்டார். வீட்டில் நாற்பது வருடப் பழக்கம் என்றார் தெல்மா. அவர் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து இயக்குநர் சிரித்தார்.

தொடர் ஓடிய மூன்று இரவும் ஊர் மன்றத்தில் பெரிய பெட்டி வைத்து எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மூன்றாம் இரவு, மனைவியை இழந்த கிளாரி கையில் லாந்தரோடு மழையில் ஓடுகிறார். வெடிவில்லையைப் படமாக்கினால் அழகில்லையாம். மின்னல் வெட்டும்போதெல்லாம் செத்துப்போன தெல்மாவின் முகம் மேகத்தில் தெரிகிறது. கிளாரி அவள் பெயரைச் சொல்லிக் கதறுகிறார். மன்றமே அழுதது. நான் ஓரக்கண்ணால் தெல்மாவைப் பார்த்தேன். அவரும் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அது ஆத்திரம் என்று நினைத்தேன்.

ஆத்திரப்பட்டது மகள் லோர்னா. அடிலெய்டில் ஆசிரியை; அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபடி அந்தச் சேற்றில் போய்வந்தவள். தொடரில் தெல்மா குழந்தை பெறாமலே போய்விட்டதால் லோர்னாவே இல்லை. "என்னையப் பெக்காமலே செத்துட்டியேம்மா" என்று தொலைபேசியில் கத்தினாளாம். இதை அவள் இறந்த அம்மாவிடமே முறையிட்டதுதான் எனக்கு விசேஷமாகப் பட்டது.

அடுத்த வாரம் போர்ட் பிரீயிலிருந்து ஒரு கிழவர் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஆல்ஃப் டென்னஹி. அந்த ரயிலின் எஞ்சினில் கரி அள்ளிப்போட்டவர். மதுக்கடையில் நின்று, தொலைக்காட்சியில் காட்டியது சுத்தப் புளுகு என்றார். லாந்தரும் இல்லை, ஆணும் இல்லை. வில்லைதான் வெடித்தது, பக்கத்தில் சேறு படிந்த கையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், புருஷன் வேலை போய்விடும், வாயைத் திறக்காதே என்று ஓட்டுநர் சொன்னதால் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன், ஓட்டுநரும் போய்விட்டார், இனி பேசுவேன் என்றார்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பாதி ஊர் அவரைத் தெல்மாவின் வீட்டு வாசலுக்கு நடத்திச் சென்றது. நானும் போனேன். உண்மைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தெல்மா கதவைத் திறந்து, ஆல்ஃப் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மழை, இருட்டிக்கிட்டு வந்த நேரம்" என்றார். "நீங்க பாத்தது என் வீட்டுக்காரராத்தான் இருக்கும்."

"வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்திருந்த வீட்டுக்காரரா?"

"கிளாரிக்கு எப்பவுமே தொப்பை உண்டுங்க."

கூட்டம் சிரித்தது. பத்திரிகைக்காரப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். பாவம், வயதாகிவிட்டது என்று யாரோ ஆல்ஃபின் தோளைத் தட்டிக் காருக்குக் கூட்டிப்போனார்கள். ஏறுவதற்கு முன் அவர் ஒருமுறை திரும்பித் தெல்மாவைப் பார்த்தார். தெல்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் போன பிறகு பின்வாசல் வழியாகப் போய்க் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"நான் உண்மையச் சொன்னப்ப ஒருத்தரும் வேணும்னு வாங்கலியே" என்றார். அடுப்பில் கெண்டியை வைத்தார். அதன் பிறகு சொன்னதுதான் விஷயம். "அந்தக் கிளாரியோட நாப்பது வருஷம் இருந்தேன். ஒரு நாளும் எனக்காக அந்தாளு கண்ல ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல. இந்த டிவிக்காரன் பாரு, மழைன்னும் பாக்காம என் பேரச் சொல்லிக்கிட்டு ஓடுறான். நான் செத்த அன்னைக்குக் கையவே விடல. மூணு ராத்திரிதான் எனக்குக் கெடச்சான். அவனையும் போயி பொய்யின்னு சொல்லச் சொல்றியா?"

சரி, ஆனால் அந்த ஆல்ஃப் என்ன பாவம் செய்தார் என்றேன். அது தெல்மாவையும் உறுத்தியிருக்கிறது. சில நாள் கழித்துப் பேருந்து ஏறிப் போர்ட் பிரீ போய், ஆல்ஃபின் கதவைத் தட்டி, அந்தப் பெண் நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். கையில் வீட்டில் செய்த இறைச்சிப் பஃப்கள். ஆல்ஃப் பெண்டாட்டியை இழந்தவர். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டாராம், ஆனால் தெல்மா தன் எதிரில் கிளாரியைப் புகழக் கூடாது என்று நிபந்தனை போட்டாராம்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஆல்ஃபின் கார் தெல்மாவின் வீட்டு முன்னால் நிற்கும். இதற்கிடையில் பாலம் இருந்த இடத்தில் ஊர்க் கமிட்டி கிளாரிக்கு ஒரு கல்வெட்டு வைத்தது. கல்லில் லாந்தர் செதுக்கியிருந்தது. தெல்மாதான் துணியை விலக்கித் திறந்துவைத்தார். கைதட்டலுக்கு நடுவே, அந்த லாந்தர் ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று கல்தச்சனைப் பாராட்டினார்.

ஊருக்கோ அந்தக் கார் உறுத்த ஆரம்பித்தது. அப்பேர்ப்பட்ட மனிதனின் விதவை, அதுவும் அவரை அவமானப்படுத்த வந்த ஒரு கிழவனோடு! கமிட்டித் தலைவர் கீத் மட்ஜ் என்னைத் தனியாக அழைத்து, நீ அவங்களுக்கு வேண்டியவன், கிளாரியின் பெயருக்காகவாவது எடுத்துச் சொல் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன்.

ஆல்ஃப் சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். உப்பு போதாது என்று தெல்மா அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தை நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு மூவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். புதிதாக ஒரு சரித்திரத் தொடர் தொடங்கியிருந்தது. தங்கம் தோண்டியவர்களைப் பற்றியது. யாருடைய பூட்ஸிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது, எல்லாம் கப்சா என்று ஆல்ஃப் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க" என்றார் தெல்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பையன் இப்ப அழப்போறான்."