ஒன்பது கிராம்

9.10.1978 – 23 கிராம்
11.1.1979 – 22 கிராம்
9.4.1979 – 24 கிராம்
12.7.1979 – 9 கிராம்

எங்கள் சந்தையின் எடைக்காரருக்கு அவர் மகள் எழுதிய கடிதங்களின் எடை இது. கடைசி எடையை மட்டும் நான் கண்ணால் பார்த்துக் குறிக்கவில்லை. சந்தை அலுவலகத்தில் எழுத்தரான நான் அன்று காய்ச்சலில் விடுப்பிலிருந்தேன். அலுவலகக் காவலாளி சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

எடைக்காரர் மூட்டையை ஒரு அசைப்பு அசைத்தே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பதினாறு வருடங்களில் இருமுறைதான் தவறினார். எண் தெரியும், எழுத்துப் படிக்கத் தெரியாது. மகள் தன் விருப்பப்படி மணம் முடித்தபோது, "உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பதிலே வராவிட்டாலும் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். விதைகளை நிறுக்கும் சின்னத் தராசில் கடிதத்தை வைத்துப் பார்த்த பிறகே என்னிடம் படிக்கத் தருவார்.

"எடையில என்னண்ணே தெரியும்?"

"நல்லா இருக்கிறவதான் தம்பி நிறைய எழுதுவா."

வெங்காய வியாபாரி விடமாட்டார். "மூட்டை ஈரம் தெரியுது, மக கண்ணு ஈரம் தெரியலையாக்கும்!"

"உன் வெங்காயத்தைப் பாருய்யா. பாதி அழுகல்."

ஜூலை பன்னிரண்டாம் தேதி தராசு முள் ஒன்பதில் நின்றது. வேறு யாரிடமும் அவர் கடிதத்தைக் கொடுக்க மாட்டார். உறையின் பின்பக்கத்து முகவரியைக் காட்டிச் சீட்டு வாங்கி, ரயிலேறிவிட்டார்.

மற்றதெல்லாம் மகள் எனக்கு எழுதியது. கதவைத் திறந்தால் அப்பா. வேட்டியெல்லாம் ரயில் கரி.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"எனக்கு என்ன? உங்களுக்கு என்னப்பா ஆச்சு?"

பிரிக்காத கடிதத்தை நீட்டினார். "ஒம்பது கிராம்தான் இருந்துச்சு."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "தபால் செலவு கட்டுப்படியாகலன்னு மெல்லிசுத் தாள்ல எழுதினேன்பா. எப்பவும் நாலு பக்கம். இது ஆறு."

"ஆறா?" என்று கேட்டவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வாங்க."

"வரலாமா?"

"வரமாட்டேன்னது நீங்கதானே?" என்று சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கினாளாம்.

இரண்டு வாரமாக அவளுடைய தெரு மளிகைக்கடைத் தராசைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். திரும்பிப் போகும் பேச்சே இல்லை. "அவருடைய துணிப்பெட்டியை அனுப்பிவையுங்கள், அண்ணா" என்று முடித்திருந்தாள். அதற்குப் பின் அந்த வீட்டிலிருந்து எங்கள் ஊருக்குக் கடிதம் வரவில்லை. எனக்கு எழுதிய அந்தக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 2.8.1979. நிறுத்துப் பார்க்க ஆளில்லை.