ஃபைபர் ஒட்டிய தூங்குமூஞ்சி மரம்

1. டிபன்பாக்ஸ் வைத்த காளான்

மரத்தைப் பார்க்கச் சொன்னால் ஊரே அண்ணாந்து பார்க்கும். நான் குனிவேன். பொன்னேரிப் பக்கம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். மழைக்காலத்துக்கு முன்னால், மின்கம்பிமேல் சாயக்கூடிய மரங்களைப் பார்த்து எழுதுவதும் எங்கள் வேலை. சேர்ந்த புதிதில், இலை பச்சையாக இருந்தால் நல்ல மரம் என்று நம்பினேன். அனுப்பம்பட்டில் அப்படி நம்பிய ஒரு புங்கமரம், காற்றே இல்லாத மத்தியானத்தில் லைன்மேல் படுத்துக்கொண்டது. அதன் வேரடியில் பலகைபோல நான்கு காளான்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முந்தைய வாரம் அதில் ஒன்றின்மேல்தான் டிபன்பாக்ஸை வைத்துச் சாப்பிட்டிருந்தேன்.

அதன்பிறகு காளான் பார்ப்பதே எனக்குப் பித்தாகிவிட்டது. காய்ந்த கிளையில் மெல்லிசாக, விசிறிபோல, வளையம் வளையமாக வந்தால் பெரும்பாலும் பயமில்லை. செத்த கட்டையைத் தின்னும் ரகம் அது. கிளையைக் கழித்தால் போதும். வேரடியில், வார்னிஷ் அடித்ததுபோல் பழுப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கரையோடு, ஆட்டினால் அசையாமல் கட்டையாக இருந்தால் அதுதான் வில்லன். அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும்; நகத்தால் கீறினால் பழுப்பாகக் கோடு விழும். சுற்றிலும் கோகோ பவுடர்போல் பொடி கொட்டியிருக்கும். அது வந்துவிட்டால் உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2. டங்

லைட்ஹவுஸ் குப்பத்தில் மின்கம்பியை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. தேசம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் நாள் முழுக்க அதன் நிழலில் உட்கார்ந்துதான் வலை தைப்பார்கள். நான் போனபோது வேரடியில் காளான் இல்லை. அதற்குப் பதிலாக நீல நிறத்தில் அகலமாக ஓர் ஒட்டு இருந்தது. தேசம்மாவின் தம்பி ஏழுமலை, ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர். அவர்தான் பெருமையாகச் சொன்னார்.

"கட்ட கட்டயா இன்னாவோ மொளச்சினு இருந்துது சார். அல்லாத்தயும் பேத்துட்டேன். உள்ள பொந்து. ஃபைபர் மேட் வெச்சு, ரெசின் பசை பூசி, தேச்சு, பெயின்ட்டும் அடிச்சுட்டேன். போட்டுக்குக் கூட இவ்ளோ நல்லா பண்ணதில்ல."

கட்டிங் பிளேயரால் ஒட்டின்மேல் தட்டினேன். டங் என்று கெட்டியாகக் கேட்டது. மேலே இலையும் பச்சை. கூட வந்திருந்த எங்கள் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், பைக்கை விட்டு இறங்கவே இல்லை.

"இன்னாங்க, மரத்தத் தட்டித் தாளம் போட்டுனு? நல்லாத்தானே இருக்குது. போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டு வாங்க."

ரிஜிஸ்டரில் 'ஓகே' எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கிளம்பும்போது, மரத்தடியில் குவித்திருந்த வலை மிதவைகள் கண்ணில் பட்டன. வெள்ளை மிதவைகளின்மேல் பழுப்புப் பொடி.

"இது இன்னாம்மா?" என்று தேசம்மாவிடம் கேட்டேன்.

"மரத்துலேர்ந்து கொட்னது சார். தெனம் தொடச்சு தொடச்சு கை ஓஞ்சுடும். இவன் ஒட்டு போட்ட அப்பால நின்னுபோச்சு. இது தொடைக்காம உட்ட பழசு."

மரத்தடிக்குத் திரும்பி வந்தேன். நான் தட்டிப் பார்த்தது ஏழுமலையின் ரெசினை. ஒட்டைத் தாண்டி மேலே மரத்தில் தட்டினேன், பின்பக்கம் தட்டினேன். தொப், தொப். ஒரு வேரில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

3. ஏழுமலைக்கு ஒரு கேள்வி

மரத்தை எடுக்க வேண்டும் என்றதும் தேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்த எடுத்துட்டா நாங்க எங்க ஒக்கார்றது? வெயில்ல ஒரு வேள வலை தச்சுப் பாரு சார், மயக்கம் போட்டுடுவ."

அவர் சொன்னது நியாயம்தான். சுற்றிலும் மணல், வேறு நிழல் இல்லை. ஏழுமலையும் "அதான் அடச்சாச்சே" என்று முறைத்தார். அவர் வேலையைக் குறை சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. அதனால் கேட்டேன்:

"ஏம்பா, ஒரு போட்டுல உள்கட்ட பூரா உளுத்துப்போச்சு. மேல மட்டும் ஃபைபர் ஒட்டி, உன் மாமனக் கடலுக்கு அனுப்புவியா?"

ஏழுமலை ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, வேறொரு வேரில் அவரே குத்திப் பார்த்தார். அதுவும் இறங்கியது. முகம் சுண்டிப்போய்விட்டது.

"மாட்டேன் சார்" என்றவர், தேசம்மாவிடம் திரும்பினார். "யக்கா, வலைய சுருட்டு."

அனுமதி வாங்கி, லைனில் கரன்ட்டை நிறுத்தி ஷட்டவுன் எடுத்து, இரண்டு நாள் கழித்து ரம்பம் வைத்தோம். பெண்கள் படகுகளின் ஓரம் தள்ளி நின்றார்கள். குப்பத்தை ஒட்டிய, ஆளில்லாத ஏரிப் பக்கம் சாய்க்கத்தான் கயிறு கட்டியிருந்தோம். ரம்பம் பாதிகூடப் போகவில்லை. மரம் கயிற்றை அறுத்துக்கொண்டு, அவர்கள் தினமும் உட்காரும் பக்கமே விழுந்தது. அடிமரத்தில் கெட்டியாக மிஞ்சியது அந்த நீல ஒட்டு மட்டும்தான்.

தேசம்மா பக்கத்தில் வந்தார். "நீ மொதல்ல நல்லாக்கீதுன்னுதானே எழுதின? நான் பாத்தேன்."

"ஆமாம்மா."

"அப்பால ஏன் திரும்பி வந்த?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "பயந்துட்டேம்மா."

"அந்த பயத்த உட்டுடாத சார்" என்று சொல்லிவிட்டு, நிழலுக்குத் தார்ப்பாய் கட்ட மூங்கில் கேட்கப் போனார்.

ரிஜிஸ்டரில் 'ஓகே'யை அடித்துவிட்டு, 'உள்ளே மக்கிவிட்டது, மரத்தை எடுக்க வேண்டும்' என்று பொடியைப் பார்த்த அன்றே எழுதியிருந்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று ஏ.இ. கடிந்துகொண்டார். லைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையெழுத்துப் போட்ட பிறகும் திரும்பிப் போங்கள். என் சர்வீஸில் நான் உருப்படியாக எழுதியது, அடித்து எழுதிய அந்த ஒரு வரிதான்.